பால் நிறுத்திய ஆறு வாரம்

என் மகன் கடிப்பான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. ஏழு வயதுக்குள் மூன்று பள்ளிக்கூடம் பார்த்துவிட்டான். முதல் பள்ளியில் ஆசிரியையின் முழங்கை, இரண்டாவதில் வேன் டிரைவரின் தோள், மூன்றாவதான கோபாலபுரம் பள்ளியில் விளையாட்டு வகுப்பில் முன்னால் நின்ற பையனின் காது. கடிப்பதோடு விட்டானா? தரையில் புரண்டு கத்துவான், கையில் கிடைத்ததை எறிவான், தடுக்க வந்தவர்களை உதைப்பான். "செல்லம் குடுத்துக் கெடுத்துட்டா" என்று சொந்தக்காரர்கள் என் காதுபடவே பேசுவார்கள். செல்லம் கொடுக்க எனக்கு நேரம் ஏது? நாள் முழுக்க மன்னிப்புக் கேட்கத்தான் சரியாக இருந்தது.

பேச்சும் வயதுக்கேற்றபடி வரவில்லை. ஊமை இல்லை. என் கணவருக்குத் தி.நகரில் பட்டுப் புடவைக் கடை. நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மயிலாப்பூரில் குடியிருப்பவர்கள். மகன் சாயங்காலமெல்லாம் கடையிலேயே இருப்பான். வீட்டுக்கு வந்ததும் கதவருகில் நின்று, "வாங்கம்மா வாங்க, முகூர்த்தப் பட்டு மாடியில" என்று கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரைக்கூட வரவேற்பான். காதில் விழுந்ததையெல்லாம் அச்சு அசலாகத் திருப்பிச் சொல்வான். தனக்கு இன்னது வேண்டும் என்று மட்டும் ஒரு வார்த்தை வராது.

காது விவகாரத்துக்குப் பிறகு தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனுஷி. கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். "இன்னொரு தடவை கடிச்சா டிசி குடுக்கிறதைத் தவிர எனக்கு வேற வழி இல்ல. மத்த பேரன்ட்ஸுக்கு நான் பதில் சொல்லணும்" என்றார். மூன்று டிசியோடு போனால் நான்காவது பள்ளியில் வாட்ச்மேனே திருப்பி அனுப்பிவிடுவான்.

திருவான்மியூரில் ஒரு பயிற்சி மையத்துக்கு வாரம் மூன்று நாள் அவனைக் கூட்டிக்கொண்டு போவேன். அங்கே காத்திருந்த அம்மாக்கள்தான் சாப்பாட்டு விஷயத்தைச் சொன்னார்கள். பாலை நிறுத்தினால் பிள்ளை அடங்கும், கோதுமையை நிறுத்தினால் பேசும் என்று ஆளுக்கொன்று. அடையாறில் ஒரு குழந்தை மருத்துவர் அந்த முறையில் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டு ஓடினேன்.

அந்த டாக்டர் அம்மா முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார். "எல்லாக் குழந்தைக்கும் இது கேக்கும்னு நான் சொல்ல மாட்டேன். பயிற்சியை நிறுத்தாதீங்க. ஆறு வாரம் பார்ப்போம், பலன் இல்லேன்னா விட்டுடுவோம். ஆனா நோட்டுல எழுதணும். என்ன சாப்பிட்டான், என்ன செஞ்சான், ரெண்டுக்கும் மணி போட்டு. ஆரம்பிக்கிறதுக்கு முன்னால ரெண்டு வாரமும் எழுதுங்க."

காது விவகாரத்தோடு முடிந்த இரண்டு வாரத்தைப் பள்ளி டைரியில் வந்த புகார்களை வைத்தே எழுதி முடித்தேன். பொங்கல் முடிந்த மறுநாள் தொடங்கினோம். பால் கிடையாது. கோதுமை கிடையாது. வெள்ளைச் சர்க்கரை, கலர் போட்ட பண்டம் எதுவும் கிடையாது.

பால் இல்லை என்றதும் வீடே துக்க வீடு மாதிரி ஆகிவிட்டது. அதுவரை என் மகனுக்குக் காலையில் ஒரு பெரிய லோட்டா நிறைய சத்து மாவு கலந்த பால். ஒரே மூச்சில் குடித்துவிட்டு வேனில் ஏறிவிடுவான். பிள்ளை வயிறு நிறைந்து போகிறான் என்று எனக்கும் நிம்மதி. அதை நிறுத்திய செய்தி கீழ் வீட்டு மாமிக்குப் போனது. மாமி மூச்சிரைக்க மாடியேறி வந்துவிட்டாள்.

"பால் குடுக்காம ஒரு குழந்தைய எப்படிடீ வளப்பே? எங்காத்துல இப்பதான் காச்சி வச்சிண்டு வந்தேன். ஒரு டம்ளர் குடுத்துட்டுப் போறேனே."

"மாமி, இந்த வாசப்படியத் தாண்டிப் பால் உள்ள வந்துச்சு, நான் பொல்லாதவளாயிருவேன்!"

"இப்ப மட்டும் என்னவாம்" என்று முனகிக்கொண்டே மாமி இறங்கிப் போனாள்.

காப்பியின் வாசனை வந்தால் பையன் பாலுக்கு அழுவான் என்று நான் குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு காப்பி குடித்தேன். என் கணவருக்குச் சர்க்கரை நோய், ராத்திரி சப்பாத்தி இல்லாமல் முடியாது. அவர் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று சாப்பிட்டார். ஒருநாள் மாமி துணி எடுக்கப் போய், இருட்டில் யாரோ மெல்லும் சத்தம் கேட்டு அலறிய அலறலில் தெருவே கூடிவிட்டது.

முதல் வாரம் நரகம். தட்டை எறிந்தான். ஒரு இட்லி மின்விசிறி இறக்கையில் ஒட்டிக்கொண்டு இரண்டு நாள் சுற்றியது. இரண்டாம் வாரம், பாலும் இல்லை வேறு வழியும் இல்லை என்று தெரிந்ததும், நல்லெண்ணெயில் குழைத்த பொடி தடவி வைத்த இட்லியில் ஒன்றை எடுத்தான். அடுத்த நாள் இரண்டு. அப்புறம் நாலு. பள்ளியில் யாராவது பிஸ்கட் நீட்டிவிடுவார்களே என்று இன்னொரு பயம். வகுப்பு மிஸ்ஸிடம் கெஞ்சி ஓர் ஏற்பாடு செய்தேன். தினமும் பத்தரை மணிக்குப் பள்ளி ஆயாம்மா அவனைத் தனியாக மாடிப்படிக்குக் கீழே உட்கார்த்தி, நான் கொடுத்தனுப்பும் கம்பு அடையையோ சுண்டலையோ ஊட்டிவிட்டு வகுப்பில் கொண்டுபோய் விடுவாள்.

மூன்றாம் வாரம் வரை பள்ளியில் யாரையும் கடிக்கவில்லை. நான்காம் வாரமும் கடிக்கவில்லை. புரண்டு கத்துவது இருந்தது, ஆனால் குறைந்திருந்தது. பென்சிலைப் பிடித்து ஒரு வட்டம் போட்டான் என்று மிஸ் டைரியில் எழுதி அனுப்பினார். அந்த வட்டத்தைப் போட்டோ எடுத்து ஊரிலுள்ள அத்தனை பேருக்கும் அனுப்பினேன்.

அதற்குப் பிறகு என் அலட்டல் தாங்கவில்லை. நானே ஒத்துக்கொள்கிறேன். மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்களுக்குப் பாலைப் பற்றி வகுப்பு எடுத்தேன். மாட வீதியில் கீரை வாங்கப் போன இடத்தில், முன்பின் தெரியாத ஒரு பெண் தன் குழந்தைக்குக் கொடுத்த கிரீம் பிஸ்கட்டைப் பிடுங்கி, "விஷம்மா இது!" என்றேன். அந்தப் பெண் என்னை அடிக்காமல் விட்டது அவள் பெருந்தன்மை.

ஐந்தாம் வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சொல்லாமல் கொள்ளாமல் கடைக்குப் போனேன். தை மாசி என்றால் கல்யாண சீசன், கடையில் கால் வைக்க இடம் இருக்காது. எங்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டு. கல்யாணப் பட்டு எடுத்து முடித்ததும் அதைத் தாம்பாளத்தில் மஞ்சள், குங்குமம், பூ, கல்கண்டோடு வைத்து, கடை வீட்டுப் பிள்ளை கையால் கொடுக்கச் சொல்வோம். வாங்குகிறவர்கள் முதலில் அந்தப் பிள்ளையின் வாயில் கல்கண்டைப் போட்டுவிட்டுத்தான் புடவையைத் தொடுவார்கள். என் மகனுக்குக் கைராசி என்று பெயர். ஊரையெல்லாம் கடிக்கிற பிள்ளை, தாம்பாளத்தைத் தூக்கினால் சாமி மாதிரி நிற்பான்.

அன்றும் அப்படித்தான் நின்றான். கன்னம் இரண்டும் கல்கண்டால் புடைத்திருந்தது. இடது கையில் பாதி லட்டு. கல்லாவின் மேல், அவனுக்கென்று ஸ்ட்ரா போட்டு, அரை டம்ளர் ரோஸ் மில்க்.

எனக்கு உச்சந்தலையில் ஏறியது.

"என்ன செஞ்சிக்கிட்டு இருக்கீய?" என்று கணவரிடம் கத்தினேன். புடவை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

"ஏன், என்ன?"

"அவன் வாயில என்ன?"

"கல்கண்டு."

"அது சர்க்கரைதான!"

"ஏட்டி, அது சாப்பாடா? மங்கலம்லா! கல்யாண வீட்டுக்காரவ ஆசையா ஊட்டுதாவ, வேண்டாம்னு மூஞ்சியத் திருப்பச் சொல்லுதியா?"

"லட்டு?"

"அதுவும் மங்கலந்தான்."

"ரோஸ் மில்க்?"

இதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்தார். "அது வெயிலுக்கு."

பால், சர்க்கரை, கலர். மூன்றும் ஒரே டம்ளரில்! ஐந்து வாரமும் இது நடந்திருக்கிறது. தினமும் சாயங்காலம், "அங்க ஏதும் சாப்பிட்டானா?" என்று கேட்பேன். "ஒண்ணும் சாப்பிடலயே" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் மங்கலம் சாப்பாட்டில் சேராது. நானும் ஒன்றுமில்லை என்று நோட்டில் எழுதிக்கொண்டே வந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து நோட்டை அலமாரி மேல் விட்டெறிந்தேன். குளியலறையில் காப்பி குடித்ததெல்லாம் எதற்கு? டயட்டும் ஆச்சு, மண்ணாங்கட்டியும் ஆச்சு! பாலும் சர்க்கரையும் தின்றுகொண்டேதானே பையன் திருந்தியிருக்கிறான். மறுநாள் காலை பழைய லோட்டாவை எடுத்து, நிறையப் பால் கலக்கிக் கொடுத்து வேனில் ஏற்றினேன். தனி டப்பா இல்லை. ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பையில் திணித்து, "இனிமேல் தனியாக ஊட்ட வேண்டாம்" என்று மிஸ்ஸுக்குச் சீட்டும் எழுதினேன். கோபம் வந்தால் எனக்குக் கண்மண் தெரியாது.

பதினொன்றே முக்காலுக்குப் பள்ளியிலிருந்து போன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிறுமியின் மணிக்கட்டைக் கடித்துவிட்டான். "நாளைக்குப் பதினோரு மணிக்கு பையனோட அப்பாவையும் கூட்டிட்டு வாங்க" என்றார் தலைமை ஆசிரியை. குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அன்று சாயங்காலம் நோட்டைத் தூக்கிக்கொண்டு அடையாறுக்குச் சண்டைக்குப் போனேன். கல்கண்டு, லட்டு, ரோஸ் மில்க், கடி என்று வரிசையாகக் கொட்டினேன். ரோஸ் மில்க் வரும்போது டாக்டர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார். பிறகு நோட்டை வாங்கி, பென்சிலால் ஒவ்வொரு இடமாகச் சுழித்தார்.

"இதப் பாருங்க. டயட்டுக்கு முன்னாடி எழுதினது. பதினொண்ணேகால். பதினொண்ணரை. பன்னெண்டுக்கு அஞ்சு நிமிஷம். இன்னிக்கு?"

"பதினொண்ணே முக்காலுக்குப் போன் வந்துச்சு."

"சாயங்காலம் ஒரு தடவைகூடக் கடிக்கல. கடிச்ச நாள்லல்லாம் காலையில என்ன சாப்பிட்டான்?"

"பால்."

"வேற?"

"ஒரு லோட்டா பால், டாக்டர்! வயிறு நெறைய!"

"ஸ்கூல்ல சாப்பாட்டு மணி?"

"பன்னெண்டரை."

"நீங்க காலையில ஆறரைக்குப் பாலை மட்டும் குடிச்சிட்டுப் பன்னெண்டரை வரைக்கும் இருப்பீங்களா?"

"நானா? பத்து மணிக்கே யாரையாவது கடிச்சிருவேன்" என்றேன்.

சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது.

டாக்டர் அம்மா மெதுவாகச் சொன்னார். "இது ஒண்ணுதான் காரணம்னு நினைச்சுக்காதீங்க. அவனுக்கு நிறைய உதவி இன்னும் வேணும். ஆனா இங்கேருந்து ஆரம்பிக்கலாம். பசிக்குதுன்னு அவன் எப்பவாவது சொல்லியிருக்கானா?"

இல்லை. எங்கள் வீட்டில் யார் நுழைந்தாலும் "சாப்டாச்சா?" என்றுதான் கேட்போம். பசிக்குதா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்பதற்குள் தட்டு வந்துவிடும். அந்த வார்த்தை அவன் காதில் விழுந்தே இருக்காது. ஆட்டோவில் வீடு வரும் வழியெல்லாம் அழுதேன். மூன்று பள்ளிக்கூடம். எத்தனை மன்னிப்பு. பிள்ளைக்குப் பசித்திருக்கிறது. பெற்றவளுக்குத் தெரியவில்லை.

அன்று ராத்திரியும் மறுநாள் காலையும் அவன் கையை அவன் வயிற்றில் வைத்து, "பசிக்குது, சொல்லு, பசிக்குது" என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். அவன் பதிலுக்கு "முகூர்த்தப் பட்டு மாடியில" என்றான்.

மறுநாள் பள்ளி வாசலிலேயே ஆயாம்மா பிடித்துக்கொண்டாள். "இன்னாம்மா நீ, நேத்து டப்பாவே குடுத்தனுப்பல? பத்தரைக்குக் கொயந்த படிக்கட்டாண்ட வந்து குந்திக்கினு என் மூஞ்சியே பாத்துக்கினு கீது. நான் இன்னாத்த ஊட்டுவேன்?" எனக்குச் செவிட்டில் அறைந்தது போலிருந்தது.

தலைமை ஆசிரியையின் அறையில் எங்கள் மூவரையும் உட்கார வைக்கும்போது பதினொன்றரை; வந்த பதற்றத்தில் பத்தரை டப்பாவை ஊட்ட மறந்திருந்தேன். மேஜையில் டிசி தாள் தயாராக இருந்தது. நான் நோட்டை நீட்டி, பால், மணி, பசி என்று எதை எதையோ உளறினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது புரியுதும்மா. ஆனா அந்தக் குழந்தையோட அம்மாகிட்ட நான் என்ன சொல்றது?" என்றார். பேனாவின் மூடியைக் கழற்றினார்.

அப்போது என் மகன் கால்களை உரசத் தொடங்கினான். எனக்கு அந்த உரசல் தெரியும். என் மணிக்கட்டைப் பிடித்தான். குனிந்தான். என் கணவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். பல் தோலில் பட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கடி விழவில்லை. என் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், "பசிக்குது" என்றான்.

"மேடம், டிசிய அப்புறம் குடுங்க" என்றேன். "என் பிள்ளைக்குப் பசிக்குதாம்."

அனுமதியெல்லாம் கேட்கவில்லை. பையிலிருந்த டப்பாவைத் திறந்து மேஜை மேலேயே வைத்தேன். பொடி இட்லி. ஒரு விள்ளலும் கீழே சிந்தாமல் சாப்பிட்டான். நல்லெண்ணெய் மட்டும் டப்பாவின் ஓரம் வழியாக இறங்கி அந்தத் தாளில் பெரிய வட்டமாக ஊறியது. தலைமை ஆசிரியை அதைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். பேனாவை மூடி வைத்துவிட்டு மணியடித்து ஆயாம்மாவைக் கூப்பிட்டார்.

"நாளைலேருந்து பத்தரைக்கு மட்டும் இல்ல, இவன் எப்ப பசிக்குதுன்னு சொன்னாலும் குடுக்கணும். மிஸ்கிட்டயும் அந்தக் குழந்தையோட அம்மாகிட்டயும் நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

நான் பொடி ஒட்டிய கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என்ன எரிச்சல்! "ஏம்மா இப்படி அழுறீங்க, அதான் டிசி குடுக்கலையே" என்று அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். மிளகாய்ப்பொடி என்று சொன்னேன். அது பாதிதான் உண்மை.