ஆதாரம் டீச்சரின் கடைசிக் கேள்வி

பள்ளியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆதாரம் டீச்சர் என்றால்தான் தெரியும். மொழிப்பாடம் நடத்தினார். ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லிக் கேள்வி கேட்பார். யார் என்ன பதில் சொன்னாலும், "பத்தியில அதுக்கு ஆதாரம் எங்க? விரலை வச்சுக் காட்டு" என்பார். விரல் வைக்க இடமில்லாத பதிலுக்குச் சுழிதான். வாய்க்கு வந்ததை அளந்துவிடும் கெட்டிக்காரப் பிள்ளைகளெல்லாம் அவரிடம் மூக்குடைபட்டுத்தான் படித்து முடித்தார்கள்.

உவமையைக் கேட்டால் 'போல' என்ற சொல்லைக் காட்டித் தப்பித்துக்கொள்ள விடமாட்டார். எதை எதோடு வைத்துப் பார்த்திருக்கிறார்கள், ஏன் வைத்தார்கள் என்று துருவுவார். கதைசொல்லியும் எழுதியவரும் ஒரே ஆள் இல்லை என்பதை விளக்க, "கதையில 'நான் திருடினேன்'னு வந்தா, எழுதினவரைப் பிடிச்சு ஜெயில்ல போட்டுடுவியா?" என்று கேட்பார். வகுப்பு சிரிக்கும். அவர் மட்டும் சிரிக்கமாட்டார். எல்லாவற்றையும்விட அவர் பெரிதாக நினைத்தது ஊகம். சொன்னதை வைத்துச் சொல்லாததைக் கண்டுகொள்வது. அந்தக் கேள்வியை எப்போதும் கடைசியில் வைப்பார்.

ஓய்வுபெற்ற பிறகும் அவருக்கு ஒரு மாணவர் கிடைப்பார், அதுவும் கட்டிய புருஷனே அந்த மாணவராக இருப்பார் என்று யார் கண்டார்கள்?

கணவர் தன் அண்ணனோடு சேர்ந்து லேத் பட்டறை நடத்தியவர். சின்ன வயதில் அப்பாவை இழந்த தம்பியைத் தூக்கி வளர்த்தது அந்த அண்ணன்தான். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு நாள் தம்பிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது, பேச்சு குழறியது, கேட்பதும் வாசிப்பதும் மூளையில் நிற்கவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த அதே வாரம் அண்ணனுக்கு மாரடைப்பு. ஆள் போய்விட்டார். இந்த நிலைமையில் தம்பிக்குச் சொல்ல வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். அண்ணன் வெளியூரில் பெரிய வேலை ஒன்றில் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று டீச்சரும் அண்ணியும் சேர்ந்து ஒரு பொய்யைச் சொல்லி வைத்தார்கள். பொய் என்பது வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி, தினமும் கவனிக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பேச்சுப் பயிற்சி தொடங்கியது. பயிற்சி தர வந்த பெண் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே டீச்சரிடம் சொன்னாள். "சின்னப் பத்தி வாசிச்சு, யாரு, எங்க, எப்போன்னு கேட்டா சரியா சொல்றார்மா. சொல்லாததை ஊகிக்கத்தான் இன்னும் வரலை. அது வரட்டும், அப்புறம் அவங்க அண்ணன் விஷயத்தைப் பக்குவமா சொல்லலாம்."

அன்றிலிருந்து டீச்சருக்கு அதுவே தவமாகிவிட்டது. ஒவ்வொரு காலையும் ஜன்னலோர நாற்காலியில் அவரை உட்கார வைத்து ஒரு பத்தி கொடுப்பார். ஒரு நாள் பத்தியில் ஒரு பெண் வீட்டுக்குள் வருகிறாள், சொட்டும் குடையை மூலையில் சாய்த்து வைக்கிறாள். யார் வந்தது, குடையை எங்கே வைத்தாள் என்பதற்கெல்லாம் பதில் சரி. "வெளியில எப்படி இருந்துச்சு?" என்று கடைசிக் கேள்வி கேட்டார்.

"தெரியலை டீச்சர்." கல்யாணமான புதிதில் கிண்டலாக ஆரம்பித்த 'டீச்சர்', வாய் குழறியும் அவரை விட்டுப் போகவில்லை.

அன்று மதியம் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "அந்தக் கோடி வீட்டுக்காரர் தலை நனைஞ்சு வர்றார். துணியை எடு" என்றார். டீச்சர் மாடிக்கு ஓடித் துணியை எடுத்தார். எடுத்தாரே தவிர யோசிக்கவில்லை.

இப்படியே நாள் போனது. "என் கொழுந்தனைப் பாத்துக்கூட அழ முடியலையே" என்று அண்ணி போனில் அழுதாள். டீச்சருக்குப் பொறுக்கவில்லை. உலகத்தில் வேறு யாருக்கும் தோன்றாத ஒரு காரியத்தைச் செய்தார். சாவுச் செய்தியையே ஒரு பத்தியாக எழுதினார். ஓர் ஊரில் இரண்டு சகோதரர்கள், ஒரு பட்டறை, நோயில் விழுந்த தம்பி குணமாகிப் பட்டறைக்குத் திரும்புகிறான். அண்ணனின் இயந்திரம் மட்டும் ஓடாமல் கிடக்கிறது. கீழே கேள்விகள். பழக்க தோஷம், பக்கத்திலேயே மதிப்பெண் வேறு போட்டிருந்தார்!

கணவர் மெல்ல வாசித்தார். தம்பியை வளர்த்தது யார் என்பதற்குப் பதில் சொன்னார். பட்டறையில் என்ன வேலை நடந்தது என்பதற்கும் சொன்னார்.

"அண்ணனோட மிஷின் ஏன் ஓடலை?" டீச்சர் கடைசிக் கேள்விக்கு வந்திருந்தார்.

அவர் காகிதத்தைத் திருப்பி மடியில் கவிழ்த்தார். "இந்தக் கேள்வி வேணாம் டீச்சர்."

"யோசிச்சுப் பாருங்க. பத்தியில..."

"எனக்குத் தெரியும்."

டீச்சர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"அண்ணி ஆஸ்பத்திரிக்கு வந்த அன்னைக்கே தெரியும். பட்டறைச் சாவி அவங்க கையில இருந்துச்சு. அண்ணன் அதை இடுப்பை விட்டு இறக்கவே மாட்டார்." ஒவ்வொரு சொல்லாகத் தேடித்தான் பேசினார்.

"அப்புறம் ஏங்க தினமும் தெரியலை தெரியலைன்னீங்க?"

"அந்தப் பொண்ணு வாசல்ல நின்னு உன்கிட்ட சொன்னது எனக்கும் கேட்டுச்சு. நான் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லிட்டா, நீ இதைச் சொல்லிடுவே. சொல்லாத வரைக்கும் அவர் வெளியூர்லயே இருக்கட்டும்னு..."

மேலே பேச வாய் ஒத்துழைக்கவில்லை. எத்தனையோ பிள்ளைகளுக்கு ஊகிக்கச் சொல்லிக்கொடுத்தவருக்கு, எதிரே உட்கார்ந்திருந்த மனிதரை வாசிக்கத் தெரியாமல் போய்விட்டது. டீச்சருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட, இத்தனை நாளும் அவர் இதைத் தனியாகச் சுமந்திருக்கிறாரே என்ற வருத்தம்தான் பெரிதாக இருந்தது.

"இப்ப நீயே சொல்லு," என்றார் அவர். "பத்தியெல்லாம் வேணாம். வாயால சொல்லு."

"உங்க அண்ணன் செத்துப்போயிட்டாருங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடியபடியே, "கடைசியா முகம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"நான் போகலைங்க. உங்களுக்கு அன்னைக்கு நினைவே இல்லை, விட்டுட்டு எப்படிப் போறது? போன் வந்தப்போ வராந்தாவுல நின்னு கேட்டேன். முகத்தைக் கழுவிட்டு உங்ககிட்ட வந்து உக்காந்துட்டேன்."

அவர் கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்தார். அந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்த நாள் முதல் டீச்சரைச் சொந்தத் தங்கை மாதிரி நடத்திய மனிதர் அந்த அண்ணன்.

"அப்போ நீ இன்னும் அழவே இல்லையா?"

"இல்லைங்க" என்றார் டீச்சர். கணவர் நல்ல கையால் பக்கத்து நாற்காலியைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தார். அது பாதி தூரம்தான் வந்தது. மீதியை டீச்சரே இழுத்துப் போட்டு அவரை ஒட்டி உட்கார்ந்தார். பிறகு இரண்டு பேருமாக அழுதார்கள்.