உள்தாழ்ப்பாளும் ஒரு மடக்குக் கருவியும்

எனக்கு எழுபத்து மூன்று வயது. நாலு பிள்ளைகளை வளர்த்தேன். மூன்று பேர் என் வயிற்றில் பிறந்தவர்கள், ஒருத்தி என் நாத்தனார் விட்டுப்போன பெண். நாலு பேரும் இன்றைக்குச் சொந்தக் காலில் நிற்கிறார்கள். என் படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றது. பஸ் போர்டைப் படிப்பேன், ரேஷன் கடைப் பலகையைப் படிப்பேன். இதையும் எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். மெதுவாகத்தான் வரும். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

நானும் வீட்டுக்காரரும் ஓசூரில் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் இருக்கிறோம். அவர் ஒரு கம்பெனியில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவர். மயிரிழை அளவுக்கு இரும்பைத் தேய்த்து எடுத்த கை, இப்போது காபி டம்ளரைப் பிடித்தால் பாதி தரையில் சிந்துகிறது. கை நடுக்கத்தோடு தலைசுற்றலும் சேர்ந்துகொண்டது.

கார்த்திகை மாதம் ஒரு நாள் காலையில் குளிக்கப் போனவர் உள்ளே விழுந்துவிட்டார். தாழ்ப்பாள் போட்டிருந்தார். அவருடைய கருவிப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் திறந்தேன். நாற்பது சாமான் இருந்தது, எதை எடுப்பது என்று தெரியவில்லை. கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் கடப்பாரை கொண்டுவந்து கதவைப் பிளந்தார்கள். அடி பெரிதாக இல்லை, முழங்கையில் தோல் கிழிந்திருந்தது. ஆனால் கதவு போனபோது அவர் உடம்பில் ஒரு துணி இல்லை. ஆணும் பெண்ணுமாக லைன் வீடு மொத்தமும் நின்று பார்த்தது. என் முந்தானையை அவர்மேல் போர்த்தினேன். அதன்பிறகு நாலு நாள் அவர் யாரோடும் பேசவில்லை.

பெங்களூரில் வேலை பார்க்கும் பெரிய மகன் வந்து புது பிளாஸ்டிக் கதவு போட்டுக் கொடுத்தான். உள்ளே தாழ்ப்பாள் வைக்க வேண்டாம் என்று ஆசாரியிடம் சொல்லிவிட்டுப் போனான். அவர் குளிப்பதை நிறுத்திவிட்டார். ஈரத் துண்டால் உடம்பைத் துடைத்துக்கொள்வதோடு சரி. ஒன்பது நாள் அப்படிப் போனது. பத்தாம் நாள் கருவிப் பெட்டியைக் கேட்டு வாங்கி, ஒரு தாழ்ப்பாளைத் தானே முடுக்கினார். நாலு ஸ்குரூவுக்கு ஒரு காலைப்பொழுது முழுக்க ஆனது. நான் உதவிக்குப் போகவில்லை. போயிருந்தால் அதுவும் அவருக்கு ஒரு அவமானம்.

மகனுக்கு விஷயம் தெரிந்து போன் செய்தான்.

“அப்பா, அதைக் கழட்டிடுங்க. இல்லன்னா ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க. இன்னொரு வாட்டி விழுந்தா நானே வந்து கூட்டிக்கினு போயிடுவேன்.”

“உன் வீட்டு பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் இருக்குதாடா?”

“இருக்குது.”

“நீ போட்டுக்கினுதான குளிக்கிற?”

இவர் போனை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

இருவர் சொல்வதும் நியாயம்தான். நான் கதவைப் பார்த்தேன். அது வெளிப்பக்கம் திறக்கும் கதவு, கீல்கள் வெளியே தெரியும். கீலில் உள்ள ஸ்டார் தலை ஸ்குரூவைக் கழற்றிவிட்டால், உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தாலும் கதவு கையோடு வந்துவிடும். அதைக் கண்டுபிடிக்க எனக்குப் படிப்பு தேவைப்படவில்லை. தேவைப்பட்டது ஒரு திருப்புளி. அது எப்போதும் என் உடம்போடு இருக்க வேண்டும். பெட்டியில் இருப்பது அன்றைக்கு உதவவில்லை. நீளத் திருப்புளியை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தால் வயிற்றில் குத்தும். கத்தி, இடுக்கி எல்லாம் சேர்த்து மடக்கி வைத்த கருவி ஒன்று விற்கிறதே, அது சுருக்குப் பைக்குள் அடங்கும். பால் கவர் வெட்ட, காஸ் ட்யூப் கிளிப் முடுக்க, மாத்திரையைப் பாதியாக்க என்று தினமும் அதையே எடுத்துப் புழங்கினால், வேண்டிய நேரத்தில் கை தடுமாறாது. இப்படி நினைத்துத்தான் வாங்கப் போனேன்.

முதலில் தனியாகப் போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் நடைபாதையில் விற்றுக்கொண்டிருந்தவரிடம், எதில் அதிகச் சாமான் இருக்கிறது என்று பார்த்து வாங்கினேன். டார்ச் லைட்கூட இருந்தது. வீட்டுக்கு வந்து, அவர் தூங்கும் நேரம் பார்த்து ஒரு கீலில் வைத்து அழுத்தினேன். திருப்புளி மடங்கிவந்து என் விரலை நறுக்கிவிட்டது.

விரலில் நான் சுற்றியிருந்த துணியைச் சாயங்காலம் அவர் பார்த்துவிட்டார்.

“எதுல கிழிச்சிக்கின?”

கருவியைக் காட்டினேன். வாங்கி மேசைமேல் வைத்து, ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார். “லொடலொடன்னு ஆடுது. யாரு வாங்கச் சொன்னாங்க?”

“காஸ் கிளிப்பு முடுக்கத்தான்.”

“காஸ் கிளிப்புக்கு ஸ்டார் முனையா விரிச்சி வச்சிருக்கிற?”

அவர் பாத்ரூம் கதவைத் திரும்பிப் பார்த்தார். அதன் கீல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, “நாளைக்கு நானும் வரேன்” என்றார். விழுந்ததற்குப் பிறகு அவர் தெருவில் இறங்கியதே இல்லை.

மறுநாள் கடைவீதியில் இவருக்குப் பழக்கமான ஒரு பாயின் ஹார்டுவேர் கடைக்குப் போனோம். பாய் ஒரு பக்கம் யாரோ ஒருவருக்குக் கன்னடத்தில் பைப் விலை சொல்லிக்கொண்டே, எங்கள் முன்னால் ஐந்தாறு மடக்குக் கருவிகளைப் பரப்பினார்.

“இதைப் பாருங்கம்மா, பதினெட்டு ஐட்டம். மீன் செதில் தேய்க்கிறதுகூட இருக்கு.”

“நாங்க என்ன கெலவரப்பள்ளி அணையில மீனா புடிக்கப் போறோம்?” என்றார் இவர். “எண்ணிக்கை வேணாம் பாய். பூட்டு இருக்கிறதை எடுங்க. விரிச்சா நிக்கணும், தானா மடங்கக் கூடாது.”

மூன்று கருவி ஒதுங்கியது. மீதி இருந்ததில் நல்லது ஒன்று இருந்தது, அதன் விலை ஒரு காஸ் சிலிண்டருக்குச் சமம். இவர் அதை எடுத்துப் பார்க்கக் கையை நீட்டினார். கை ஆடியது. நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, “நீ எடு” என்றார்.

எடுத்தேன். நகத்தால் நெம்பினேன், விரியவில்லை.

“வையி. வெல அதிகம்னு சொல்லல. ஒனக்குத் தொறக்க முடியலைன்னா அது நமக்கு ஆவாது. அந்தச் சின்னதை எடு.”

அதில் ஆறு சாமான்தான். விலை அரைக் கிலோ கறிக்கு ஆகிற காசு. சுலபமாக விரிந்தது, விரிந்ததும் டக்கென்று நின்றது.

“பாய், அந்த ஸ்டார் முனையில அரத்தை ஒரு இழுப்பு இழுங்க.”

“வாங்காத சாமானுக்கு அரம் போட்டா, அப்புறம் நான் யாருக்கு விக்கிறது பெரியவரே?”

“வழுக்கினா நல்ல இரும்பு, நான் வாங்கிக்கிறேன். கடிச்சா வெத்து இரும்பு, அதையும் நானே வாங்கிக்கிறேன். போடுங்க.”

பாய் சிரித்துக்கொண்டே அரத்தை வைத்து இழுத்தார். வழுக்கியது. “ரிடையர் ஆனாலும் செக்கிங் மட்டும் விடமாட்டீங்க போல” என்றார்.

இவர் சிரிக்கவில்லை. “கொஞ்சம் சோப்புத் தண்ணி இருந்தா குடுங்க” என்று கேட்டார். என்னைப் பார்த்து, “கையை நனைச்சிக்கினு மறுபடியும் விரி. அன்னைக்கு ஒன் கை ஈரமாத்தான் இருக்கும்” என்றார்.

பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, அவர் விழும் நேரம் நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பேன். கையை நனைத்துக்கொண்டு விரித்தேன். கண் கலங்கியதை அவர் பார்க்காமல் இருக்கக் குனிந்தே இருந்தேன். விரிந்தது.

கீலுக்குப் புது ஸ்குரூவும் அங்கேயே வாங்கினோம். வீட்டுக்கு வந்து பழையதை எல்லாம் என்னைக் கழற்றச் சொன்னார். மூன்று கீல், ஒவ்வொன்றிலும் மூன்று ஸ்குரூ. “லேசான கதவு இது. கீலுக்கு ரெண்டு போதும்” என்று சொல்லி, புதியதில் கிரீஸ் தடவி முடுக்க வைத்தார். பிறகு வேட்டி பனியனோடு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

“இப்போ நான் விழுந்துட்டேன். தொற.”

எனக்குக் கை ஓடவில்லை. “ஏங்க, அப்படிச் சொல்லாதீங்க” என்றேன்.

“பேசாத. திருப்பு.”

இரண்டு ஸ்குரூ கீழே விழுந்து உருண்டன. திருப்புளி ஒரு தடவை நழுவியது. கடைசி ஸ்குரூ வந்ததும் கதவு என்மேல் சாய்ந்தது, தாங்கிப் பிடித்தேன். முழங்கால்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, உள்ளே என்னையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“மேல் கீலை மொதல்ல கழட்டிட்ட. அதைக் கடைசியில எடுக்கணும். இல்லன்னா கதவு ஒன் மேலதான் விழும்” என்றார். பிறகு, “மூணு தடவை கூப்பிடு. பதில் வரலைன்னா ஆரம்பி. ஊரைக் கூட்டாத. நீ மட்டும் வா” என்றார்.

சரி என்றேன். கதவை மறுபடி மாட்டினேன்.

பொங்கலுக்கு மகன் வந்தான். தாழ்ப்பாளைக் கழற்றக் கையில் திருப்புளியோடுதான் வந்தான். “தாழ்ப்பாள் இருக்கும். தொறக்க நான் இருக்கேன்” என்றேன்.

“அவசரத்துல உன்னால ஆவுமாம்மா?”

“அவசரத்துல பாக்கிறதுக்கு முன்னாடி இப்பவே பாத்துக்க.”

அவன் அப்பா எழுந்து உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். கீழ்க் கீலிலிருந்து ஆரம்பித்தேன். மகன் செல்போனில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பாதியில் அதைப் பையில் போட்டுவிட்டு, விழுந்த ஸ்குரூவைப் பொறுக்கி ஒவ்வொன்றாக என் கையில் கொடுத்தான். கதவு வந்தது. அப்பாவும் பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் கொண்டுவந்த திருப்புளியை அப்பாவின் பெட்டியில் போட்டுவிட்டு ஊருக்குப் போனான்.

வாரத்துக்கு ஒரு தடவை கழற்றி மாட்டுகிறேன். அவர் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். விழவே மாட்டார் என்று நான் எழுதமாட்டேன். அது என் கையில் இல்லை.

இப்போது அவர் உள்ளே குளித்துக்கொண்டிருக்கிறார். லீவுக்கு வந்திருக்கும் பேத்தி வாசலில் இருக்கிறாள், இந்த நோட்டை அவளிடம்தான் கொடுக்கப் போகிறேன். இந்தா கண்ணு, பாத்ரூம் கதவுகிட்ட வந்து உக்காந்து மொதல்லருந்து படி. நல்லா சத்தமா படி. தப்பு இருந்தா தாத்தா உள்ளேருந்தே சொல்லட்டும்.