இல்லாத பிள்ளைக்குப் பத்தியம்

அறுவைச் சிகிச்சையில் கத்தி பிடிப்பவருக்கு ஒரு நாள் வேலை. கட்டுப் போடுகிற நர்சுகளான நமக்குத்தான் மீதி நாளெல்லாம் மாமியார்கள்.

பூண்டுக் குழம்பு

மதராஸில் நர்ஸ் வேலை கற்று, நடுவயது தாண்டி மலாயாவுக்கு, கிள்ளான் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியிருந்தேன். பெண்கள் வார்டில் அஞ்சலை, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பாலெடுக்கிறவள். ஓயாத உதிரப்போக்கு, கர்ப்பப்பையை எடுத்தாயிற்று. வாயை நனைக்க மட்டும் தண்ணீர் என்பது டாக்டர் உத்தரவு. மறுநாளே அவள் மாமியார் காத்தாயி தூக்குச்சட்டியோடு வந்துவிட்டார்: பூண்டுக் குழம்பு, கருவாடு, பிரசவ லேகியம். வார்டே மணத்தது. பிரசவம் இல்லையம்மா, பையைத்தான் எடுத்தோம் என்று தமிழில் சொன்னேன். பொறுமை போய் இங்கிலீஷிலும் சொன்னேன்.

“பிள்ளை வந்தாலே அவ்வளவு பூண்டு குடுக்கிறோம் மிஸ்ஸி, பையே போயிருக்கு, சும்மா விடலாமா?”

சேலைக் கட்டு

காலையில் நான் போட்ட கட்டு மாலையில் இல்லை. பழைய சேலையைக் கிழித்து, பிள்ளை பெற்றவளுக்குச் சுற்றுவதுபோல் இறுக்கியிருந்தார் காத்தாயி. கீழ்த் தையல் ஒன்று பிய்ந்து நீர் கசிந்தது, காய்ச்சலும் வந்தது. டாக்டர் பிடித்தது என்னைத்தான், நீங்களும் வாங்கிக்கட்டியிருப்பீர்கள்.

காத்தாயியை வராந்தாவுக்கு இழுத்துப்போய்க் கத்தினேன். இறுக்காதே, ஊட்டாதே, தொடாதே. எதற்கும் அசையவில்லை. “வீட்டுக்குப் போனாலும் சில மாதம் பால் வாளி தூக்கக் கூடாது, தூக்கினால் வயிறு பிளந்துவிடும்” என்றபோதுதான் முகம் மாறியது.

“அதைக் கங்காணிகிட்ட யாரு சொல்றது, நீங்களா?”

கங்காணி வந்தார்

வீட்டுக்கு அனுப்பும் நாளில், தோட்டத்தில் ஆள்களை வேலை வாங்கும் கங்காணியே வந்து நின்றார். “பிள்ளை பிறந்து தவறிப்போச்சுன்னு கிழவி சொல்லுது. அப்படின்னா வழக்கப்படி வீட்டுல இருக்கட்டும். வெறும் ஆப்பரேஷன்னா திங்கக்கிழமை மரத்துக்கு வரணும். எது மிஸ்ஸி நிஜம்?”

அஞ்சலை கண்ணை மூடிக்கொண்டாள். பார்க்க வந்த தோட்டத்துச் சனங்களின் கண்ணில் படத்தான் அந்தப் பூண்டும் சேலையும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்காகத் தையலையா பிய்ப்பது? பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கங்காணியிடம், “பத்தியக் குழம்பு மணம் உங்களுக்கு வரவில்லையா?” என்று கேட்டேன். மூக்கை உறிஞ்சினார், தலையாட்டினார், போய்விட்டார்.

காத்தாயி அருகில் வந்து மெல்லச் சொன்னார்:

“உள்ள உங்க கட்டையே போடுங்க மிஸ்ஸி, வெளியே என் சேலை தெரியணும்லா!”

கர்ப்பப்பையை எடுப்பது டாக்டர் வேலை. பிறக்காத பிள்ளையைக் காப்பாற்றிக் கொடுப்பது, சகோதரிகளே, நம் தலையெழுத்து.