பாவா கேட்ட எறா சாலட்

அக்காவின் கணவரை நான் பாவா என்றுதான் கூப்பிடுவேன். வருஷக்கணக்கில் கப்பல் சமையலறையில் சாலட் பிரிவைப் பார்த்துக்கொண்டவர். தொண்டையில் புற்றுநோய் வந்து திருத்தணிக்கே திரும்பிவிட்டார். மூக்கில் செருகிய குழாய் வழியாகக் கஞ்சித்தண்ணிதான் ஆகாரம்.

பங்குனியில் ஒருநாள் காலை, கரகரத்த குரலில் சொன்னார்: "எறா வாங்கினு வாடா. மீதி எல்லாம் தோட்டத்துல கீது. சாலட் பண்லாம்."

அன்று கிருத்திகை. மலைக்குப் போகிற கூட்டம் தெருவை அடைத்திருந்தது. விரதத்தில் இருந்த அக்கா கத்தினாள்.

"இன்னிக்கா கவுச்சி? அதுவும் முழுங்கவே முடியாத மனுசனுக்கு?"

"ஆசையா கேக்கறாருக்கா."

அவள் உள்ளே போய்விட்டாள். நான் பைக்கில் கனகம்மாசத்திரம் போய், ரோட்டோரம் ஐஸ் பெட்டியோடு உட்கார்ந்திருந்த மீன்கார அம்மாவிடம் அரைக்கிலோ இறால் வாங்கிவந்தேன்.

அடுப்பைக் கொல்லையிலேயே மூட்டினேன். பாவா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்லச் சொல்லச் செய்தேன். "முதுகுல கருப்பு நரம்ப எடு. செவந்து சுருண்டதும் எறக்கிடு, வுட்டா ரப்பராய்டும்." தக்காளியும் புதினாவும் வெள்ளரிப் பிஞ்சும் அவர் போட்ட பாத்தியிலிருந்து பறித்தவை. வெள்ளரியை அவரே நறுக்கினார். வில்லைகள் காகிதம்போல் விழுந்தன. பாதியிலேயே கத்தியை வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்.

எலுமிச்சை பிழிந்து கலந்து கொடுத்தேன். மென்று துப்பிவிடுவதாகத்தான் பேச்சு. ஒரு எறாவை வாயில் போட்டு, கண்ணை மூடி, வெகுநேரம் மென்றார். பிறகு விழுங்கப் பார்த்தார். இருமல் பிடித்துக்கொண்டது. உடம்பே தூக்கிப்போட்டது. துப்பியதில் ரத்தம் இருந்தது.

அக்கா ஓடிவந்தாள். திட்டவில்லை. அவர் வாயைத் துடைத்துவிட்டாள். இருமல் அடங்கியதும் அவர் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நீ துன்னு. நான் பாக்கறேன்."

அக்கா ஒரு நிமிஷம் தயங்கினாள். கீழே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

"எப்டிகீது?"

"நல்லாகீதுங்க," என்றாள். அழுதுகொண்டேதான் சொன்னாள்.

அன்று சாயங்காலமே அவருக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், நுரையீரலில் ஏதோ இறங்கியிருக்கிறது, வாய்வழியாக ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார்.

"நாந்தாங்க குடுத்தேன்," என்றாள் அக்கா.

பத்தாம் நாள் பாவா போய்விட்டார்.