ஸ்டிக்கர் கடை அக்காவும் ஒன்றரை நிமிடமும்

“இந்த ஊர்ல ஒருத்தருக்கும் ஒரு அவசரம் கிடையாது.”

ஸ்டிக்கர் கடை அக்கா தினமும் காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே இதைச் சொல்லிவிடுவார். பால்காரரைப் பார்த்துச் சொல்வார், சிக்னலைப் பார்த்துச் சொல்வார், கொதிக்காத தண்ணீரைப் பார்த்தும் சொல்வார். அவரோடு நடந்து போகிறவர் ஓட வேண்டும். சாப்பிட உட்கார்ந்தால் மற்றவர்கள் தட்டை எடுப்பதற்குள் இவர் கை கழுவிவிடுவார். இரண்டாவது பிள்ளையைக்கூட டாக்ஸியிலேயே பெற்றுவிட்டார். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் இவளால் பொறுக்க முடியவில்லை என்று பஸ் ஓட்டும் புருஷன் இன்றைக்கும் கிண்டல் பண்ணுவார்.

கடை என்றால் வீட்டு முன்னறைதான். ஒரு நீளமான மேசை, மூலையில் கலர் கலராக ஸ்டிக்கர் சுருள்கள், எழுத்தை வெட்டித் தரும் கட்டர் மிஷின், அதற்குப் படம் அனுப்பும் எட்டு வருஷத்துக் கம்ப்யூட்டர். தொழில் தொடங்கிய கதை பெரிய கதை இல்லை. ஒரு நாள் அவசரத்தில் சர்க்கரை டப்பாவில் உப்பைக் கொட்டிவிட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டு, அன்றே டப்பாக்களுக்கெல்லாம் பெயர் வெட்டி ஒட்டினார். பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள், எதிர்வீட்டுக் கார் கேட்டது, தையல் கடை கேட்டது. இப்போது அந்தத் தெருவில் பாதிக் கதவுகளில் இவர் வெட்டிய எழுத்துதான்.

போன வருஷம் கம்ப்யூட்டர் நத்தையாக ஊர்ந்தது. பார்க்க வந்த மெக்கானிக், தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கச் சொன்னார். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. துணி காயப்போட்டதற்கும் மடித்து வைத்ததற்கும் நடுவில், போனில் படித்துப் படித்து, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைத் தானே ஏற்றிவிட்டார். ஓடியது, நன்றாகவே ஓடியது. அதற்குப் பிறகு வீட்டில் ஃபேன் நின்றாலும் என்னிடம் கேளுங்கள் என்கிற தோரணை.

அந்தத் தோரணைக்குத்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஆபத்து வந்தது.

பக்கத்துத் தெருவில் ஒரு பல் டாக்டரம்மா ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகக் கிளினிக் போட்டிருந்தார். மாலை நாலு மணிக்கு முதல் நோயாளி. கண்ணாடிக் கதவு மட்டும் மொட்டையாக நின்றது. எழுத்தில்லாவிட்டால் வருகிறவர்கள் பக்கத்து அழகு நிலையத்துக்குள் போய் வாயைத் திறந்து காட்டுவார்கள் என்று அவரே சொல்லிச் சிரித்தார். ஆனால் சிரிப்புக்குள் பயம் இருந்தது. அக்கா முந்தின நாளே எழுத்துகளை வரைந்து காட்டி, சரி என்று வாங்கியாகிவிட்டது. வெட்டுவதுதான் பாக்கி.

பத்து மணிக்குக் கம்ப்யூட்டரின் பட்டனை அழுத்தினார். தொடங்கும்போது வரும் படம் வந்தது. அப்படியே நின்றுவிட்டது. அசையவில்லை. அக்கா தன்னால் முடிந்த அளவு காத்திருந்தார், அதாவது அரை நிமிடம். பிறகு பட்டனை அமுக்கி அணைத்தார். மறுபடி போட்டார். மறுபடி நின்றது. மறுபடி அணைத்தார்.

பதினொரு மணிக்குள் செய்யாத வைத்தியம் இல்லை. மூடியைக் கழற்றித் தூசி ஊதினார். மெமரிப் பட்டையை எடுத்து ரப்பரால் துடைத்து மாட்டினார். பிரிண்டரையும் கட்டரையும் பிடுங்கிப் பார்த்தார். தொடக்கப் பட்டியலில் இருந்த லினக்ஸின் பழைய பதிப்பில் தொடங்கிப் பார்த்தார். போனில் யாரோ ஒரு புண்ணியவான், ஸ்கிரீன் கார்டுக்காகத் தொடக்க வரியில் ஒரு வார்த்தை சேர்க்கச் சொல்லியிருந்தார், அதையும் சேர்த்தார். படம் அசைவேனா என்றது. மெக்கானிக்குக்குப் போன் போட்டால், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்ற வேண்டும், நாளைக்கு வருகிறேன் என்றார். எல்லாம் அழிந்தால் பல் டாக்டரின் எழுத்தும் போச்சு.

அந்த நேரத்தில்தான் நாத்தனார் வந்தாள். பெரிய எழுத்து ஒட்ட இரண்டு பேர் வேண்டும், ஒருத்தர் பிடிக்க, ஒருத்தர் உரிக்க. அதற்காக வரச் சொல்லியிருந்தார். நாத்தனாருக்கு நூலகத்தில் வேலை, செவ்வாய்க்கிழமை லீவு, உடம்பில் அவசரம் என்கிற நரம்பே கிடையாது. செருப்பைக் கழற்றவே ஐந்து நிமிடம் எடுப்பாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒவ்வொன்றாகக் கேட்டாள். அண்ணி பொரிந்து தள்ளினார்.

கடைசியாக அக்கா போனில் இன்னொரு வழி கண்டுபிடித்தார். தொடக்கப் பட்டியலில் ஒரு எழுத்தைத் தட்டி, அங்கே இருக்கும் இரண்டு வார்த்தைகளை அழித்தால், படம் போய்விடும், உள்ளே நடப்பதை மிஷின் வரிவரியாகக் காட்டும். செய்தார். கறுப்புத் திரையில் வரிகள் கொட்டின. கடைசி வரியில் ஒரு சிவப்பு நட்சத்திரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது. பக்கத்தில் ஒரு கணக்கு: இருபத்தெட்டு விநாடி, மொத்தம் ஒன்றரை நிமிடம்.

அக்காவின் கை பட்டனுக்குப் போனது. நாத்தனார் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணி, அது நின்னு போகல. எதையோ தேடுது. ஒன்றரை நிமிஷம்னு அதுவே சொல்லுது பாருங்க.”

“ஒன்றரை நிமிஷத்துல நான் ஒரு போர்டு முடிச்சிருப்பேன்.”

“காலையிலேருந்து ஒண்ணும் முடிக்கலையே. உட்காருங்க.”

உட்கார்ந்தார். நாற்பது விநாடியில் மேசையைத் துடைத்தார். அறுபதில் எழுந்தார், நாத்தனார் இழுத்து உட்கார வைத்தாள். எண்பதில் கண்ணை மூடிக்கொண்டார். தொண்ணூறு ஆனதும் மிஷின் வாயைத் திறந்தது. இன்ன டிஸ்க்கைக் காணவில்லை, பாஸ்வேர்டைக் கொடுத்து உள்ளே வந்து சரிசெய் என்றது.

அக்கா டிஸ்க்கின் பெயரைப் படித்தார். பாட்டு டிஸ்க். பின்பக்கம் எப்போதும் செருகியிருக்கும் சின்னப் பெட்டி. தினமும் இரண்டு தட்டு தட்டித் திறக்கச் சலித்துக்கொண்டு, தொடங்கும்போதே அதையும் கட்டாயமாகச் சேர்த்துக்கொள் என்று இவரேதான் மிஷினின் டிஸ்க் பட்டியலில் எழுதி வைத்திருந்தார். ஒரு பயணி குறைகிறதே என்று வண்டியை எடுக்காமல் நிற்கும் டிரைவர் மாதிரி, மிஷின் சொன்ன பேச்சைக் கேட்டு நின்றிருக்கிறது. இவர்தான் ஒவ்வொரு தடவையும் அது காரணம் சொல்வதற்குள் கழுத்தைத் திருகியிருக்கிறார்.

பின்பக்கம் எட்டிப் பார்த்தார். பெட்டி இல்லை.

“டிஸ்க்கை எவன் எடுத்தான்?”

நாத்தனார் ஜன்னலைப் பார்த்தாள். “அண்ணன் நேத்து ராத்திரி குடுத்துச்சு. பாட்டு காப்பி பண்ணிக்கன்னு. எங்க வீட்டு டிவி பக்கத்துல இருக்கு.”

“எப்ப காப்பி பண்ணி முடிப்ப?”

“இன்னும் ஆரம்பிக்கல.”

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார், சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே பாஸ்வேர்டைத் தட்டினார். தட்டும்போது வாய்விட்டு முணுமுணுக்கிற பழக்கம் அவருக்கு. நாத்தனார் காதில் அது தெளிவாக விழுந்தது.

“அது எங்க அண்ணனைத் திட்டுறதுல்ல?”

“மறக்காம இருக்கணும்ல.”

அந்த டிஸ்க் பட்டியலைத் திறந்து, பாட்டு டிஸ்க் இருந்த வரிக்கு முன்னால் ஒரே ஒரு குறி போட்டார். அந்த வரியைப் படிக்காதே என்று மிஷினுக்குச் சொல்லும் குறி. சேமித்தார், மறுபடி தொடங்கினார். அவர் எழுந்து நிற்பதற்குள் திரை வந்துவிட்டது. கட்டர் கிறீச்சிட்டு ஓட ஆரம்பித்ததும் நாத்தனார் கை தட்டினாள்.

இரண்டு மணிக்குக் கண்ணாடியில் ஒட்டினார்கள். நாத்தனார் பிடித்தாள், அவள் கை அசையவே இல்லை. அக்கா உரித்தார். ஒரு எழுத்தில்கூடக் காற்றுக்குமிழி இல்லை. டாக்டரம்மா உள்ளிருந்து ஒரு தடவை, வெளியிலிருந்து ஒரு தடவை, எதிர்ச்சாரிக்குப் போய் ஒரு தடவை படித்துப் பார்த்தார். நாலு மணிக்கு ஒரு தாத்தா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார், கதவைப் படித்தார், அழகு நிலையத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே உள்ளே போனார். அக்காவுக்கும் நாத்தனாருக்கும் அன்றே பல் சுத்தம் செய்து அனுப்பினார் டாக்டரம்மா. வாயைத் திறந்தபடி அரை மணி நேரம் பேசாமல் அக்கா படுத்திருந்ததைப் பார்க்கப் புருஷன் பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு ஓடி வந்தார்.

அதற்குப் பிறகு, தொடங்காமல் நிற்கும் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு இந்தக் கடைக்கு வருகிறவர்கள் உண்டு. உங்களுக்கும் கதவுக்கு எழுத்து வேண்டுமென்றாலும், மிஷின் மக்கர் பண்ணுகிறதென்றாலும், ஒரு நடை போய் அவரைப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை போனால் நாத்தனாரும் இருப்பாள். என்ன வேண்டுமென்பதை வாசலிலேயே யோசித்து முடித்துவிட்டு உள்ளே போங்கள், அவ்வளவுதான்.