வளைகாப்புக்கு நீட்டிய கை

சொரியாசிஸ் ஒட்டாது. இதை நான் சொல்லாத ஆள் எங்கள் ஜெலுத்தோங் வட்டாரத்தில் குறைவு. தோல் நிதானமாகச் செய்ய வேண்டிய வேலையை அவசர அவசரமாகச் செய்து, பழசு உதிரும் முன்பே புதுசை மேலே அடுக்கிவிடுகிறது, அவ்வளவுதான் என்றார் டாக்டர். எங்கள் வீட்டில் ஒழுங்காக ஓவர்டைம் பார்ப்பது என் முழங்கைதான்.

பாசாரில் மீன்காரர் மீதிக் காசை என் கையில் தரமாட்டார், பலகையில் வைப்பார். அவர் கை முழுக்க மீன் செதில். பினாங்கு வெயிலில் முழுக்கைச் சட்டை, உதிர்வது தெரியும் என்று கறுப்புத் துணியே கிடையாது, எங்கே உட்கார்ந்து எழுந்தாலும் நாற்காலியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு வர வேண்டும். இறாலை விடு, கத்தரிக்காயை விடு என்று ஆளுக்கொரு வைத்தியம். மாமியார் மட்டும் வைத்தியம் சொன்னதில்லை. கல்யாணமான வாரமே என் துண்டுக்குத் தனிக் கொடி கட்டிவிட்டார்.

ஏழாம் மாதம் வளைகாப்பு. கர்ப்பத்தில் சிலருக்கு இது தணியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் கைக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. விரல் முட்டியிலிருந்து முழங்கைவரை சிவந்து வெள்ளையாகச் செதில் கட்டியிருந்தது. பிள்ளைக்கும் வருமோ என்ற பயம் ஏற்கெனவே இருந்தது. இந்தக் கையை யாரும் தொடாவிட்டால், நாளைக்கு என் பிள்ளையையும் தூக்கமாட்டார்கள் என்று தோன்றியது.

முதல் வளையல் போட வந்தவர் மாமியாரின் அக்கா. கண்ணாடி வளையலை விரல் நுனியில் பிடித்து மாட்டினார். அது முட்டியில் நின்றுவிட்டது. இனி கையை அமுக்கிப் பிடித்துத்தான் தள்ள வேண்டும்.

"நீயே ஏத்திக்கம்மா. எனக்குக் கையில பலமே இல்லலா."

காலையில் அத்தனை பேருக்கும் தேங்காய் துருவிய கை அது. பின்னால் நின்ற பெண்களுக்கும் திடீரென்று பலம் குறைந்தது. ஒருத்தி சந்தனத்தை ரொம்ப நேரம் கலக்கிக்கொண்டிருந்தாள்.

மாமியார் அடுப்படியிலிருந்து தேங்காயெண்ணெய்ப் போத்தலோடு வந்தார். "தள்ளுக்கா. காஞ்ச கையில எப்படி ஏறும்?" என்று எதிரே உட்கார்ந்தார். உள்ளங்கையில் ஊற்றி, முழங்கையிலிருந்து விரல்வரை அழுத்தித் தடவினார். அவருடைய பட்டுப் புடவையில் என் தோல் உதிர்ந்து விழுந்தது. அதைத் தட்டிவிடவில்லை. வளையல்கள் வழுக்கிக்கொண்டு ஏறின.

நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது எழுந்து குழாய்க்குப் போவார் என்று நினைத்தேன்.

உள்ளங்கையில் கொஞ்சம் எண்ணெய் மிச்சமிருந்தது. அதைத் தன் முழங்கையில் தேய்த்துக்கொண்டார்.

"வீணாப் போயிரும்லா," என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மாசமாக இருக்கிறவள் அழக்கூடாது என்று மாமியாரின் அக்கா அதட்டிவிட்டு, அடுத்த வளையலை அவரே என் கையைப் பிடித்து ஏற்றினார். நல்ல பலம்.