செங்கம் ரோட்டில் நின்ற வண்டி

எங்கள் சிறைக்கு மதில் கிடையாது. மதில் இருக்கவேண்டிய இடத்தில் முழங்கால் உயரம்கூட இல்லாத கற்களை வரிசையாக நட்டுச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார்கள். அந்தக் கற்களைத் தாண்டக்கூடாது என்பதுதான் சட்டம். பக்கத்து ஊர் ஆடுகளுக்கு அந்தச் சட்டம் தெரியாது. தினமும் உள்ளே வந்து எங்கள் வேர்க்கடலைச் செடியை மேயும். விரட்டிக்கொண்டு ஓடும் கைதிகள், கல் வரிசை வந்ததும் பிரேக் போட்டதுபோல் நின்றுவிடுவார்கள். அந்தப் பக்கம் போன ஆடு திரும்பி நின்று பார்க்கும். இவ்வளவு கட்டுப்பாடான கொலைகாரர்களை அது வேறெங்கே பார்த்திருக்கும்?

நானும் அவர்களில் ஒருவன்தான். எம்.ஏ. படித்தவன், உயர்நிலைப் பள்ளி ஆசிரியன். கிணற்றில் யார் முறை என்று பங்காளியோடு வந்த வாக்குவாதத்தில் அவனைப் பிடித்துத் தள்ளினேன். பம்புசெட்டு மேடையில் தலை மோதி இறந்துபோனான். தள்ளத்தான் நினைத்தேன், கொல்ல நினைக்கவில்லை. செத்தவனுக்கு அந்த வித்தியாசம் பெரிதில்லை. அதற்கான தண்டனையைச் சில வருடங்கள் மதில் வைத்த பெரிய ஜெயிலிலும், கடைசி மூன்று வருடங்கள் இந்த மதில் இல்லாத முகாமிலும் அனுபவித்தேன். எழுபதுகளின் கடைசி அது. மலையும் ஆசிரமமும் உள்ள கோயில் ஊருக்கு மேற்கே, செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது முகாம். நன்னடத்தைக்காரர்களை மட்டும் பொறுக்கி எடுத்து அங்கே அனுப்புவார்கள். பாதிப்பேர் வரப்புத் தகராறு, மீதிப்பேர் கிணற்றுத் தகராறு. அத்தனை பேரையும் ஒன்றாகச் சேர்த்து விவசாயம் செய்யச் சொன்னது அரசாங்கத்தின் தைரியம்.

காலையில் மணி அடிக்கும், தலை எண்ணுவார்கள், கூழ் ஊற்றுவார்கள். பிறகு வயல், மாட்டுத் தொழுவம், தையல் கொட்டகை என்று பிரிந்து போவோம். கடலை பிடுங்கும் காலத்தில் பஜனை பாடிக்கொண்டேதான் பிடுங்கவேண்டும் என்று எங்கள் வார்டர் உத்தரவு போட்டிருந்தார். வாய் பாடிக்கொண்டிருந்தால் கடலை உள்ளே போகாது என்பது அவர் கணக்கு. வாய் நிறையக் கடலையை வைத்துக்கொண்டு அடிவயிற்றிலிருந்து அரோகரா சொல்லும் வித்தையை இரண்டே நாளில் எல்லோரும் கற்றுக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வந்து நல்லொழுக்கம் பற்றிப் பேசுவார். நன்றாகத் தூக்கம் வரும். மாலையில் எழுத்தறிவு வகுப்பு. அதற்கு நான் ஆசிரியர். தன் பெயரைத் தானே எழுதத் தெரிந்தவனுக்குத் தண்டனையில் கொஞ்சம் கழியும் என்பதால், ஐம்பது வயதுக்காரர்கள் நாக்கைத் துருத்திக்கொண்டு சிலேட்டில் எழுதுவார்கள்.

என் வேலை அதோடு முடியவில்லை. முகாமில் விளையும் கத்தரிக்காயும் கீரையும் வாரத்தில் மூன்று நாள் மாட்டுவண்டியில் ஊருக்குள் போகும். ஆஸ்பத்திரிச் சமையலறையிலும் மாணவர் விடுதியிலும் இறக்கிக் கையெழுத்து வாங்கிவர எழுதப் படிக்கத் தெரிந்தவன் ஒருவன் வேண்டும். அதனால் வண்டியோடு நானும் போவேன். காவல் கிடையாது. வழியில் எங்கும் வண்டியை நிறுத்தக்கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை. எங்களை நம்பி விட்டிருந்தார்கள். ஊர்க்காரர்களில் சிலருக்கு அந்த நம்பிக்கை இல்லை. மேலிடத்துக்கு மனு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

வண்டி ஓட்டியவர் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் குடியானவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வரப்புத் தகராறு. அவருக்கு மாடுகளிடம் இருந்த மரியாதை மனிதர்களிடம் கிடையாது.

"இன்னா வாத்தியாரே, எம்மே படிச்சிட்டு மாட்டுக்குப் பின்னால குந்திகினு வர்ற. நான் படிக்காமயே அதே எடத்துலதான் குந்தியிருக்கேன்" என்பார்.

"நீங்க முன்னாடி உக்காந்திருக்கீங்கண்ணா. நான் கத்தரிக்கா மூட்டை மேல."

"அதான் சொல்றேன். படிச்சா மூட்டை மேல ஏத்தி உக்கார வைக்கிறான்."

ஆசிரமத்துப் பக்கம் ரோட்டோரமாக ஒரு சின்னக் காபி ஹோட்டல் இருந்தது. அதன் முதலாளி பின்புறம் மூன்று அறைகள் கட்டி வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். வெளிநாட்டிலிருந்து அவருக்குக் கடிதங்கள் வரும். படிக்கத் தெரியாது. ஒரு நாள் வண்டி அங்கே மெதுவாகப் போனபோது அவர் ஒரு கடிதத்தை நீட்டிக்கொண்டு யார் யாரையோ கேட்டுக்கொண்டிருந்தார். நான் வண்டியிலிருந்தபடியே கை நீட்டி வாங்கிப் படித்துச் சொன்னேன். "சார், இறங்கி ஒரு பதில் எழுதிக் குடுத்துடுங்க சார்" என்றார்.

அந்தச் 'சார்' என்னைக் கீழே இறக்கியது. பல வருடங்களாக நான் ஒரு எண். நல்ல மனநிலையில் இருப்பவர்களுக்கு வாத்தியார். சாராகி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து, ஐயா நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன் என்ற தோரணையில் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதினேன். கேட்டது மார்ச் மாதம் அறை உண்டா என்றுதான். உண்டு என்று ஒரு வரி போதும். நான் மலையின் மகிமையிலிருந்து ஆரம்பித்தேன். ஒரு காபி வந்தது. வண்டிக்காரருக்கும் ஒன்று போனது.

அடுத்த முறையும் நிறுத்தச் சொன்னேன். "வேணாம் வாத்தியாரே, நிறுத்தக் கூடாதுனு சொல்லியிருக்காங்க" என்றார் அவர். "ரெண்டே நிமிஷம்ணா" என்றேன். அதற்கடுத்த முறை அவர் கயிற்றை இழுத்துப் பிடித்தார். அதற்கும் அடுத்த முறை நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. மாடுகள் தாமாகவே நின்றன. கடிதம் இல்லாத நாட்களிலும் இறங்கிப் பேப்பர் படித்தேன். காவி கட்டிய வெள்ளைக்காரர் ஒருவரோடு பேசினேன். நான் யார் என்று அவர் கேட்டதற்கு, விவசாயப் பண்ணையில் வேலை என்றேன்.

கார்த்திகை முடிந்த சமயம் வண்டிக்காரரின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தை மாதம் முகூர்த்தம். ஒரே மகள், தாய் இல்லாதவள். ஏழு நாள் பரோல் கேட்டு மனு எழுதிக் கொடுத்தது நான்தான். அவர் வாழ்க்கையில் வேறு எதையும் கேட்கவில்லை. தாரை வார்த்துக் கொடுக்கத் தான் அங்கே நிற்கவேண்டும், அவ்வளவுதான். என் பெயரும் அதே சமயத்தில் முன்கூட்டி விடுதலைக்காக மேலே போயிருந்தது. நடத்தைச் சீட்டில் ஒரு சிவப்பு மை வரி விழுந்தால் இரண்டுமே போய்விடும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அந்த வாரம் ஜெயிலரின் ஜீப் பழுதானது. ஊரில் அவருக்குக் கூட்டம். "நம்ம வண்டி போகுதில்ல, அதுலயே போயிடறேன்" என்று கத்தரிக்காய் மூட்டைமேல் துண்டை விரித்து ஏறி உட்கார்ந்தார். நல்ல மனிதர். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். ஹோட்டல் தூரத்தில் தெரிந்ததும் வண்டிக்காரர் சாட்டையைக் கையில் எடுத்தார். அவர் சாட்டை எடுத்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். "ஹை, ஹை" என்றார். மாடுகள் நேராக ஹோட்டல் வாசலுக்குப் போய், நடுப் பெஞ்சுக்கு எதிராக அளவெடுத்தாற்போல் நின்றன.

"என்னய்யா நின்னுடுச்சு?" என்றார் ஜெயிலர்.

அதற்குள் முதலாளி இரண்டு டம்ளர் காபியோடு வெளியே வந்துவிட்டார். காக்கிச் சட்டையைப் பார்த்ததும் முகம் மாறியது. டம்ளரை எங்கே மறைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"இது யாருக்கு?"

"இல்லீங்க... மாட்டுக்குத் தண்ணி காட்ட வண்டி நிக்கும்ங்க ஐயா. அதான்..."

"மாட்டுக்கு டம்ளர்லயா தண்ணி காட்டுவே?" ஜெயிலர் எட்டி முகர்ந்து பார்த்தார். "சர்க்கரை ஜாஸ்தியா, கம்மியா? எது உங்க மாட்டுக்குப் புடிக்கும்?"

பெஞ்சிலிருந்த நாலு பேர் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்திருக்கும், கூட்டத்தில் ஒருவனாக இருந்திருந்தால். ஜெயிலர் சிரிக்கவில்லை. "தினம் யாருய்யா நிறுத்தறது?" என்றார்.

வண்டிக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் மாட்டின் கொம்பைப் பார்த்தேன். நன்றாகச் சீவி எண்ணெய் போட்ட கொம்பு.

"என் மாடுங்க ஐயா. நான்தான் நிறுத்தறது" என்றார் அவர்.

ஜெயிலரைக் கூட்டத்தில் இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போது, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று வண்டிக்காரரைக் கேட்டேன். கேட்க எனக்கு வாய் இருந்தது. "உன் பேரு மேல போயிருக்குது. ரெண்டு பேரும் மாட்டிகினா யாருக்கு லாபம்? ரெண்டு திட்டு திட்டுவாரு, வுட்டுடுவாரு" என்றார்.

ஜெயிலர் விட்டிருப்பார். ஆனால் ஊர்க்காரர்களின் மனு மேலே போய், கைதிகள் ரோட்டில் சுற்றுகிறார்கள் என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருந்தது. அவர் ஏதாவது நடவடிக்கை காட்டவேண்டியிருந்தது. சிவப்பு வரி விழுந்தது. பரோல் மறுக்கப்பட்டது.

முகூர்த்தத்துக்கு இன்னும் இருபது நாள் இருந்தது. நான் சொல்லியிருக்கலாம். மூன்று முறை ஜெயிலர் அறை வாசல் வரை போனேன். என்ன வாத்தியாரே என்று அவர் நிமிர்ந்து பார்ப்பார். முதல் முறை சாக்பீஸ் வேண்டும் என்றேன். இரண்டாம் முறை சிலேட்டு. மூன்றாம் முறை மறுபடியும் சாக்பீஸ். அந்த மாதம் எங்கள் எழுத்தறிவு வகுப்பில் சாமான்களுக்குக் குறைவே இல்லை.

கல்யாணத்தன்று காலை வண்டிக்காரர் வழக்கம்போல் தொழுவத்தில் இருந்தார். மாடுகளைக் குளிப்பாட்டி ஜோடியாக நிறுத்தியிருந்தார். "மணி எத்தன இருக்கும் வாத்தியாரே?" என்றார். ஒன்பதரை இருக்கும் என்றேன். சமையலறையில் கேட்டு வாங்கிய பிடி அரிசியை மஞ்சளில் பிசைந்து வைத்திருந்தார். கீழ்பென்னாத்தூர் இருக்கும் திசையில் கொஞ்சம் போட்டார். மீதியை மாடுகள்மேல் போட்டு, "நீங்களும் நல்லா இருங்கடா. காபி மட்டும் கேக்காதீங்க" என்றார். என் கையிலும் கொஞ்சம் கொடுத்தார். நானும் போட்டேன்.

பங்குனியில் நான் விடுதலையானேன். நிபந்தனையின்பேரில் விடுதலை. தண்டனைக் காலம் முடியும்வரை ஏதாவது தப்பென்றால் திரும்ப அழைத்துக்கொள்ளலாம். சித்திரையில் ஒரு நாள் கீழ்பென்னாத்தூருக்குப் பஸ் ஏறினேன். அங்கேயே வாழ்க்கைப்பட்டிருந்த அவருடைய மகளைப் பார்த்து, உன் அப்பா நன்றாக இருக்கிறார் என்று சொல்லிவிட்டு வருவதாக எண்ணம். மற்றதையும் சொல்லவேண்டும் என்று பஸ்ஸில் தைரியம் இருந்தது. தெருவில் இறங்கியதும் பாதியாகிவிட்டது.

"அப்பா உங்களப் பத்தி நெறைய சொல்லியிருக்காருங்க சார்" என்று இலை போட்டாள். எட்டாவது வரை படித்த பெண். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சாதம் வைத்தாள். சுவரில் கல்யாணப் போட்டோ மாட்டியிருந்தது. மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் நின்றவரை யார் என்று கேட்டேன். "பெரியப்பாங்க. அப்பாவுக்குத்தான் லீவு கெடைக்கலையே. வண்டிய எங்கியோ நிறுத்திட்டாராம். மாட்டுக்கூட பேசினு போற மனுஷன், இன்னாத்துக்கு நிறுத்தினாரோ" என்றாள்.

அப்போது சொன்னேன். காபி, கடிதம், சார், கொம்பு, சாக்பீஸ் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். திட்டுவாள் என்று தலையைக் குனிந்து காத்திருந்தேன். சாப்பிடுங்க என்றாள். சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே நின்றாள். இலையை எடுத்துப்போட்டுவிட்டு வந்து, ஒரு நோட்டிலிருந்து தாளைக் கிழித்து என் முன்னால் வைத்தாள்.

"எங்கிட்ட சொன்னத அப்படியே எழுதிக் குடுங்க. அந்த ஆபீசருக்கு. எனக்கு ஆவணியில வளைகாப்பு வருது. அதுக்காவது அப்பா வரணும்."

எழுதினால் என்னைத் திரும்ப அழைக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் பேனாவையும் வைத்துவிட்டாள். எத்தனையோ பேருக்கு மனு எழுதிக் கொடுத்தவன், என்னைப் பற்றி எழுதியது அதுதான் முதல் தடவை. ஒரு பக்கம் எழுதி நீட்டினேன். விரல் வைத்து மெதுவாகப் படித்தாள். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"மாடுகளுக்கு அந்த இடத்தில் நிற்கும் பழக்கம் ஏற்பட்டிருந்ததுனு எழுதியிருக்கீங்களே. யாருங்க பழக்கினது?"

"நான்தான்."

"அத எழுதுங்க. அவரு உங்களுக்காகப் பழி ஏத்துக்கினாரு. நீங்க மாட்டு மேலயே போடறீங்களே சார்."

அடித்துவிட்டு எழுதினேன். அவளுக்கு அடித்தல் திருத்தல் பிடிக்கவில்லை. இன்னொரு தாள் கிழித்தாள். இரண்டாவது மனு ஆறு வரிதான். நான் எழுதியவற்றிலேயே சிறியது. மடித்து, ஊருக்குப் போகும் வழியில் நானே தபாலில் போட்டுவிடுகிறேன் என்றேன்.

"வேணாங்க, நானே போட்டுக்கறேன்" என்று வாங்கிக்கொண்டாள்.

என்னை யாரும் திரும்ப அழைக்கவில்லை. எச்சரித்து ஒரு கடிதம் வந்தது. அவருடைய சீட்டில் அந்தச் சிவப்பு வரியை அடித்துவிட்டதாகவும், ஆவணியில் அவர் நான்கு நாள் வந்து இருந்ததாகவும் பிறகு கேள்விப்பட்டேன். வளைகாப்புக்கு எனக்கும் பத்திரிகை வந்தது. நான் போகவில்லை. வளைகாப்புக்கு அப்பா வரலாம், வந்தார். தாரை வார்ப்பது ஒரு தடவைதான்.